செல்போன் டவர் கதிர்வீச்சை எப்படி அளக்கிறாங்க? சித்தேரி மலை முதல் சமையலறை ஓவன் வரை – முழு விளக்கம்

தருமபுரி மாவட்டம், அரூரை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. சுற்றிலும் காப்புக்காடு, நடுவில் மலையாளி பழங்குடியினரின் சிறு சிறு ஊர்கள், சரிவுகளில் சாமையும் மரவள்ளியும். இது போன்ற மலை ஊர்களில் செல்போன் பற்றி இரண்டு பேச்சு எப்போதும் இருக்கும்.

முதல் பேச்சு, "சிக்னல் இல்லை". பிரசவ வலி எடுத்தால் 108-க்குப் பேச மேட்டுக்கு ஏறணும். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் நெட் சுத்திக்கிட்டே இருக்கும். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் மலைப்பகுதிப் பிள்ளைகள் பட்ட பாடு தமிழ்நாட்டுக்கே தெரியும்.

இரண்டாவது பேச்சு, டவர் வரப்போகுது என்றதும் தொடங்கும். "டவர் வந்தா கேன்சர் வருமாமே? வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சே?"

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கு. ஆனால் இரண்டாவது கேள்விக்கான விடையை வீடியோவில் தேட வேண்டியதில்லை. டவரில் இருந்து வரும் மைக்ரோவேவ் எவ்வளவு என்பதை ஒரு கருவியை வைத்து எண்ணாகவே சொல்லிவிடலாம். அதற்கு அரசு வரம்பு இருக்கிறது. அளந்து காட்டச் சொல்லிக் கேட்கும் வழியும் மக்களுக்கு இருக்கிறது. மலை ஊர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. அது என்ன என்பதையும் பார்ப்போம்.

மைக்ரோவேவ் என்றால் என்ன?

வானொலி அலை, மைக்ரோவேவ், வெயில், எக்ஸ்ரே எல்லாமே ஒரே குடும்பம். எல்லாமே மின்காந்த அலைகள்தான். ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

செல்போன் டவர்கள் பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 3,500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. வீட்டு மைக்ரோவேவ் ஓவன் 2,450 மெகாஹெர்ட்ஸ். வைஃபையில் ஒரு வகையும் அதே பக்கம்தான். அதாவது டவர், போன், ஓவன், வைஃபை எல்லாமே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

'கதிர்வீச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இது வேறு. எக்ஸ்ரேயும் காமா கதிரும் அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்டவை. அதனால்தான் அவை மரபணுவை நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. மைக்ரோவேவுக்கு அந்த ஆற்றல் கிடையாது. அளவு அதிகமானால் அது செய்வது ஒன்றுதான்: சூடாக்கும்.

அதனால் அணு உலை அருகே பயன்படுத்தும் கைகர் கருவியை டவர் அடியில் நீட்டினால் ஒன்றும் தெரியாது. மைக்ரோவேவை அளக்க வேறு கருவி வேண்டும்.

எந்த அலகில் அளக்கிறாங்க?

பாலுக்கு லிட்டர், துணிக்கு மீட்டர் மாதிரி, இங்கே 'ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட்' என்பதுதான் அலகு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக எவ்வளவு மின்காந்த ஆற்றல் பாய்கிறது என்பதே கணக்கு. இதற்கு ஆற்றல் அடர்த்தி என்று பெயர்.

சில கருவிகள் மின்புலத்தை 'மீட்டருக்கு எத்தனை வோல்ட்' என்று காட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவை. அந்த வோல்ட் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 377-ஆல் வகுத்தால் ஆற்றல் அடர்த்தி வந்துவிடும். உதாரணமாக 13 வோல்ட் என்றால், 169-ஐ 377-ஆல் வகுக்க, சுமார் 0.45 வாட்.

இந்த 0.45 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

முதலில் சமையலறை: ஓவன் கசிவை எப்படி அளக்கிறாங்க?

டவருக்கும் ஓவனுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம். டவரின் வேலையே அலையை வெளியே அனுப்புவது. ஓவனின் வேலை அலையை உள்ளேயே பூட்டி வைப்பது. அதனால் ஓவனில் இருந்து வெளியே வருவதுதான் உண்மையான 'கசிவு'.

ஓவன் கதவுக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்ட உலோகத் தகடு இருக்கும். அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வரும், மைக்ரோவேவ் வராது. காரணம், ஓவன் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஓரிரு மில்லிமீட்டர் ஓட்டை அதற்கு மூடிய சுவர் மாதிரி. கதவின் ஓரத்திலும் ரப்பர் வாஷர் மட்டும் அடைத்திருக்கவில்லை. அலை நீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 3 சென்டிமீட்டர் கணக்கில் ஒரு பள்ளம் அமைத்திருப்பார்கள். இடுக்கில் நுழையும் அலையை அது திருப்பி அனுப்பிவிடும்.

கதவு வளைந்தாலோ, கீல் தளர்ந்தாலோ, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலோ அந்தக் கணக்கு கெடும். அப்போதுதான் கசிவு கூடும்.

சோதிக்கும் முறை இப்படி:

• 275 மில்லி லிட்டர் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி ஓவனுக்குள் வைக்க வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஓட்டினால் ஓவனே கெட்டுவிடும்.

• முழு சக்தியில் ஓவனை இயக்க வேண்டும்.

• கசிவு மீட்டரின் முனையை வெளிப்பரப்பில் இருந்து சரியாக 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். நல்ல மீட்டர்களில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கூம்பு இருக்கும்.

• கதவின் நான்கு ஓரம், கீல், கைப்பிடி, கண்ணாடி, காற்று போகும் துளைகள் என எல்லா இடத்திலும் மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாக இழுத்தால் மீட்டர் முள் எழும்புவதற்குள் கசியும் இடத்தைத் தாண்டிவிடுவோம்.

• தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

• கிடைத்ததில் மிக அதிகமான எண் எதுவோ, அதுதான் அந்த ஓவனின் கசிவு. சராசரி எடுப்பது கிடையாது.

சர்வதேசத் தரத்தின்படி இதன் உச்ச வரம்பு சதுர மீட்டருக்கு 50 வாட். அமெரிக்காவில் 1971-ல் இருந்தே விதி இருக்கிறது. கடையில் விற்கும் முன் 10 வாட், வீட்டில் பயன்படுத்தும் காலம் முழுக்க 50 வாட் என்று இரண்டு படிகள்.

5 சென்டிமீட்டரில் இருப்பது, 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். ஓவன் சுற்றும்போது முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்க்காமல் ஒரு அடி தள்ளி நின்றால் போதும் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு எச்சரிக்கை. ஓவனை வீட்டிலேயே கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். கசிவை விட அதுதான் உயிரைப் பறிக்கும்.

டவரை எப்படி அளக்கிறாங்க?

டவருக்கு 5 சென்டிமீட்டர் கணக்கு செல்லாது. அலை எங்கு போய்ச் சேருகிறதோ, மனிதர்கள் எங்கு இருக்கிறார்களோ, அங்கே போய் அளக்க வேண்டும். வீட்டு மொட்டைமாடி, பள்ளி வளாகம், திண்ணை, பால்கனி.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும்.

முதல் கட்டம்: எல்லா அலைவரிசையையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் மீட்டர். அதன் நுனியில் பந்து போல ஒரு உணரி இருக்கும். எந்தத் திசையில் இருந்து அலை வந்தாலும் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். ஆள் உயரத்தில் பிடித்து, பல இடங்களில் அளந்து, மிக அதிகம் காட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அங்கே 6 நிமிடம் வைத்து சராசரி எடுப்பது சர்வதேச நடைமுறை. நொடிக்கு நொடி எண் ஏறி இறங்கும் என்பதால் ஒரு கணத்து எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது.

இந்த மொத்த எண்ணே கடுமையான வரம்புக்குள் இருந்தால், டவர் தேறிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் கட்டம்: முதல் கட்டத்தில் எண் எகிறினால்தான் இது. ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவியை வைத்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு வருகிறது என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். ஒரே டவரில் இரண்டு மூன்று நிறுவனங்கள் இருந்தால், யாருடைய பங்கு எவ்வளவு என்பதும் இதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு அலைவரிசையும் தன் வரம்பில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. 'நான் தனியா வரம்புக்குள்ளதான் இருக்கேன்' என்று ஒவ்வொரு நிறுவனமும் தப்பிக்க முடியாது.

நேரமும் முக்கியம். நள்ளிரவில் பேசுவோர் குறைவு, டவரும் குறைவாகவே அனுப்பும். அந்த நேரத்து எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் தவறாகிவிடும். டவர் முழுச் சுமையில் ஓடினால் எவ்வளவு வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தியாவின் வரம்பு என்ன?

உலகில் பல நாடுகள் பின்பற்றுவது 'இக்னிர்ப்' எனப்படும் சர்வதேச ஆணையத்தின் வழிகாட்டுதல். அந்தக் கணக்கு எப்படி வந்தது? உடல் முழுவதும் ஒரு கிலோ எடைக்கு 4 வாட் உறிஞ்சப்பட்டால் உடல் வெப்பம் சுமார் 1 டிகிரி உயரக்கூடும். அதை 50-ஆல் வகுத்து, 0.08 வாட் என்று பொதுமக்களுக்கு வரம்பு வைத்தார்கள். அதில் இருந்து வந்ததுதான் 900 மெகாஹெர்ட்ஸுக்கு சதுர மீட்டருக்கு 4.5 வாட்.

இந்தியா 2008-ல் இந்த வரம்பை ஏற்றது. மக்களிடம் அச்சம் அதிகரிக்கவே, அமைச்சகங்களுக்கு இடையிலான குழு ஆராய்ந்து கூடுதல் கட்டுப்பாடு தேவை என்றது. அதன்படி 2012 செப்டம்பர் 1 முதல் வரம்பு பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

அதன்படி சதுர மீட்டருக்கு:

• 700 மெகாஹெர்ட்ஸ் – 0.35 வாட்
• 900 மெகாஹெர்ட்ஸ் – 0.45 வாட்
• 1,800 மெகாஹெர்ட்ஸ் – 0.9 வாட்
• 2,000 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் – 1 வாட்

கணக்கு எளிது. 2,000 வரை, மெகாஹெர்ட்ஸ் எண்ணை 2,000-ஆல் வகுத்தால் வரம்பு வந்துவிடும்.

ஓவனுக்கு 50 வாட், டவருக்கு 0.45 வாட். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் ஏன் என்று தோன்றும். ஓவன் கணக்கு 5 சென்டிமீட்டரில், சில நிமிடங்களுக்கு, உடலின் சிறு பகுதிக்கு. டவர் கணக்கு 24 மணி நேரமும், குழந்தை முதல் முதியவர் வரை, உடல் முழுவதற்கும்.

டவர் நிறுவனங்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சுயசான்று தர வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலகங்கள் அதில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நேரில் போய் அளக்கும். மீறினால் ஒரு நிலையத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று விதிக்கப்பட்டது.

தூரம்தான் எல்லாம்

ஒரு உதாரணக் கணக்கு. ஆன்டெனாவுக்கு 20 வாட் கொடுக்கிறார்கள். அது எல்லாத் திசைக்கும் சிதறாமல் ஒரே பக்கம் குவிப்பதால், நேர் எதிரே நிற்பவருக்கு 1,000 வாட் போலத் தெரியும். அந்த நேர்க்கோட்டில் என்ன ஆகும்?

• 10 மீட்டர் தூரத்தில் – 0.8 வாட். 900 மெகாஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டுகிறது
• 20 மீட்டர் – 0.2 வாட்
• 50 மீட்டர் – 0.03 வாட்
• 100 மீட்டர் – 0.008 வாட்

தூரம் இரட்டிப்பானால் அளவு நாலில் ஒன்றாகும். தூரம் பத்து மடங்கானால் நூறில் ஒன்று. 100 மீட்டரில் அது வரம்பில் 50-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

இதில் திசையும் சேரும். டவரில் நீளமாக, செங்குத்தாகத் தொங்கும் பெட்டிகள்தான் போனோடு பேசும் ஆன்டெனா. அவற்றின் கதிர் விசிறி போல அகலமாகவும், மேல் கீழாக மெல்லியதாகவும் அடிவானத்தை நோக்கிப் போகும். நேர் கீழே மிகக் குறைவு. விளக்கடி இருட்டு என்பது டவருக்கும் பொருந்தும். சமவெளியில் டவர் அடியில் நிற்பவரை விட, சற்றுத் தள்ளி இருக்கும் மாடி வீட்டில் எண் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

மத்தளம் போல, தட்டு போல வட்டமாக இருப்பவை வேறு. ஒரு டவரில் இருந்து இன்னொரு டவருக்குத் தகவல் அனுப்பும் மைக்ரோவேவ் இணைப்புகள் அவை. காட்டுக்குள் கேபிள் புதைப்பது கடினமான மலைப்பகுதிகளில் இது கைகொடுக்கும். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் குறைந்த சக்தியில், மெல்லிய கோடு போல, எதிர் டவரை மட்டும் நோக்கி அனுப்புபவை.

மலை ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

'டவர் 40 மீட்டர் உயரம், அலை தலைக்கு மேல போயிடும்' என்பது சமவெளிக்குச் சரி. சித்தேரி போன்ற சரிவான நிலத்தில் அப்படியே நம்ப முடியாது.

டவர் கீழே பள்ளத்தில் நிற்கிறது, வீடுகள் மேலே சரிவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் இருந்து 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனா, மேட்டு வீட்டின் திண்ணைக்கு நேர் எதிரே வந்துவிடலாம். அதுவும் மாடி வீடு இல்லை, ஓட்டு வீடு. அந்த வீடு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்கு அரசே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. 2013 ஆகஸ்ட் முதல் மாநிலங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை அளித்த வழிகாட்டுதலில், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் கட்டடம் இருந்தால் விட வேண்டிய தூரம் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே திசை நோக்கி இருக்கும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து:

• 1 ஆன்டெனா – 20 மீட்டர்
• 2 ஆன்டெனா – 35 மீட்டர்
• 4 ஆன்டெனா – 45 மீட்டர்
• 6 ஆன்டெனா – 55 மீட்டர்

எண்ணிக்கை ஏன் முக்கியம்? மேலே சொன்ன உதாரண ஆன்டெனா ஒன்று 30 மீட்டரில் 0.09 வாட் தரும். அது வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதே போல ஆறு ஒரே திசையில் சேர்ந்தால் 0.53 வாட். 900 மெகாஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டது.

முதலில் ஒரு நிறுவனம் வரும். பிறகு அதே டவரில் அடுத்த நிறுவனம் ஏறும். அதனால் டவர் வரும் நாளில் மட்டும் பார்த்தால் போதாது. புதிதாக ஆன்டெனா ஏறும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தீர்வு டவரே வேண்டாம் என்பதல்ல. மேட்டின் உச்சியிலோ, வீடுகள் எதிரே வராத இடத்திலோ டவரை வைக்கச் சொல்வது. இதை இடம் தேர்வு செய்யும்போதே பேசிவிட்டால் செலவில்லை. கட்டி முடித்த பிறகு பேசினால் எல்லோருக்கும் நஷ்டம்.

டவர் இல்லாத ஊரில் போன் என்ன செய்யும்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. டவர் தூரமாக இருந்தால் கதிர்வீச்சு குறைவு என்று நினைக்கிறோம். டவரில் இருந்து வருவது குறைவுதான். ஆனால் கையில் இருக்கும் போனும் ஒரு சின்ன டவர்தானே?

கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசுவோம். வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை அழைக்கத் தொண்டை கிழியக் கத்துவோம். போனும் அப்படித்தான். டவர் பக்கத்தில் இருந்தால் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு கட்டம் சிக்னல் காட்டும் இடத்தில் உச்ச சக்தியில் அனுப்பும்.

4ஜி போனின் உச்சம் சுமார் 0.2 வாட். பழைய 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வரை போகும். அது விட்டு விட்டு அனுப்புவதால் சராசரி அதில் எட்டில் ஒன்று.

இப்போது ஒப்பிடுங்கள். மேலே சொன்ன உதாரண டவரில் இருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவரின் உடல் முழுவதும் வந்து படுவது 0.006 வாட் அளவுதான். ஆனால் காதில் ஒட்டி வைத்த 4ஜி போன், சிக்னல் இல்லாத இடத்தில், 0.2 வாட்டைத் தலைக்குப் பக்கத்திலேயே அனுப்புகிறது.

ஆக, டவரே இல்லாத மலை ஊரில் மேட்டில் நின்று நீண்ட நேரம் பேசுபவர், டவர் இருக்கும் ஊர்க்காரரை விட அதிகமாகவே வாங்கக்கூடும். அதுவும் தன் போனில் இருந்தே.

போனுக்கும் வரம்பு இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல், உடல் திசுவின் ஒரு கிராம் சராசரியில், கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. இதற்கு 'சார்' மதிப்பு என்று பெயர். போனில் *#07# என்று அழுத்தினால் பல மாடல்களில் இந்த எண் தெரியும்.

சிக்னல் குறைவான இடத்தில் ஸ்பீக்கரிலோ ஒயர் ஹெட்போனிலோ பேசுங்கள். சில சென்டிமீட்டர் விலகினாலே அளவு வெகுவாகக் குறையும்.

கேன்சர் வருமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2011 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இந்த அலைகளை '2பி' பிரிவில் வைத்தது. 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் போதாது' என்பதே இதன் பொருள். வாட்ஸ்அப் வீடியோக்களில் முதல் பாதி மட்டுமே வரும்.

2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்த விரிவான மதிப்பாய்வு ஒன்று வெளியானது. 1994 முதல் 2022 வரை வெளியான 63 ஆய்வுகளை அலசி, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது.

நீதிமன்றங்களுக்கும் இது போயிருக்கிறது. 2017-ல் குவாலியரில் ஒரு டவரின் இயக்கத்தை நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அந்த ஒரு டவர் பற்றியது, நாடு முழுக்கத் தடை அல்ல. 2021 ஜூனில் 5ஜிக்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா தொடர்ந்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைப் பெரிதாக்கியது 2018-ல் வந்த '2.0' படம். படம் வெளியாகும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. பறவைகள், தேனீக்கள் மீதான தாக்கத்தை ஆராய 2010-லேயே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குழு அமைத்திருந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இப்போதைய வரம்புகள் மனித உடலைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை, பறவையின் உடலை வைத்து அல்ல.

ஆப், ஸ்டிக்கர் – நம்பலாமா?

'கதிர்வீச்சு அளக்கும் ஆப்' என்று பிளே ஸ்டோரில் நிறைய கிடைக்கும். போனில் ஆற்றல் அடர்த்தியை அளக்கும் உணரியே கிடையாது. திசைகாட்டிக்காக இருக்கும் காந்த உணரியின் எண்ணையோ, சிக்னல் அளவையோ எடுத்து முள் ஆட வைக்கிறார்கள். இரும்புக் கட்டில் பக்கம் போனாலும் அந்த முள் ஆடும்.

ஓவனுக்குள் போனை வைத்து, மணி அடித்தால் கசிவு என்று சொல்வதும் சரியான சோதனை அல்ல. போன், பத்தாயிரத்தில் ஒரு பங்கு சிக்னலிலும் மணி அடிக்கும் அளவுக்குக் கூர்மையானது. அதன் அலைவரிசையும் வேறு.

ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் மீட்டர்கள் 'இங்கே கூட, அங்கே குறைவு' என்று காட்ட உதவலாம். அளவுத் திருத்தம் செய்து சான்று பெறாத கருவியின் எண், புகாருக்கு ஆதாரம் ஆகாது.

போன் பின்னால் ஒட்டும் 'ஆன்டி ரேடியேஷன்' ஸ்டிக்கர்? அது ஆன்டெனாவை மறைத்தால், போன் இன்னும் சத்தமாகக் கத்தத்தான் செய்யும்.

உங்க ஊர் டவரை அளக்கணுமா?

• 'தரங் சஞ்சார்' என்ற அரசு இணையதளம் 2017 மே மாதம் தொடங்கப்பட்டது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வரைபடத்தில் சுற்றியுள்ள டவர்களைக் காட்டும். எந்த நிறுவனம், எந்தத் தொழில்நுட்பம், வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

• நேரில் வந்து அளக்கக் கோரிக்கை வைக்கலாம். தொடங்கியபோது இதற்குக் கட்டணம் 4,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலர்கள் வந்து அளந்து அறிக்கை தருவார்கள். தனி ஒருவருக்கு இது பெரிய தொகை, ஊரே சேர்ந்தால் ஒரு வீட்டுக்குச் சில பத்து ரூபாய்தான்.

• டவர் புகார்களுக்கு மாவட்ட அளவில் குழு அமைக்க 2013 வழிகாட்டுதலிலேயே இடம் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். டவர் இடம் பற்றிய கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்வதும் நல்லது.

மனுவில் 'டவர் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் பதிலும் ஒரு வரியில்தான் வரும். கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

1. எங்கள் வீடுகளை நோக்கி எத்தனை ஆன்டெனா இருக்கின்றன?

2. ஆன்டெனாவின் உயரத்துக்கு நேர் எதிரே வரும் வீடு எது? எத்தனை மீட்டர் தூரம்?

3. அந்த வீட்டு வாசலில், ஆள் இருக்கும் உயரத்தில், 6 நிமிடச் சராசரி எவ்வளவு? டவர் முழுச் சுமையில் ஓடினால் எவ்வளவு?

4. எல்லா நிறுவனத்தையும் சேர்த்த கூட்டுத்தொகை 1-க்குள் இருக்கிறதா?

5. அளந்த கருவிக்கு அளவுத் திருத்தச் சான்று இருக்கிறதா?

டவர் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல, 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுவதும் 24,680 கிராமங்கள் அதில் கணக்கிடப்பட்டன. இனி டவர்கள் அதிகமாக ஏறப்போவது காட்டோரமும் மலையோரமும்தான். அங்கே 108-க்குப் போன் போக டவர் வேண்டும். அந்த டவர் யார் வீட்டுத் திண்ணைக்கு எதிரே நிற்கிறது என்று அளந்து சொல்ல வேண்டிய பொறுப்பு, அதை வைக்கிறவர்களுடையது.